தண்ணீர் பட்ட பாடு

ஜெகதாப்பட்டினத்தில் ஒரு மாலைப்பொழுது. விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத நாள். பந்தல் நிழலில் கிழிந்த வலையை மடியில் பரப்பிக்கொண்டு மீனவர் ஒருவர் பின்னிக்கொண்டிருந்தார். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகன் அருகே அமர்ந்து ஆங்கிலப் பாடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் ஏட்டை நீட்டினான். ‘பீஸ் ஆஃப் கேக்’ என்னும் தொடருக்குப் பொருள் எழுத வேண்டுமாம். ‘கேக்குத் துண்டு’ என்று எழுதிவிட்டு, ஏதோ ஐயம் தோன்ற, அதை அடித்திருந்தான்.

“மிகவும் எளிது என்று பொருள், தம்பி” என்றேன்.

தந்தை தலை நிமிராமலே கேட்டார்: “அது எப்படி சாமி, கேக்குன்னா லேசுன்னு ஆச்சு?”

“தின்பது எளிதல்லவா? அதனால் இருக்கலாம்.”

“திங்கிறவனுக்கு லேசுதான்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஊசியில் நூலைச் சுற்றத் தொடங்கிவிட்டார்.

அவர் எதையும் போதிக்கும் எண்ணத்தில் அதைச் சொல்லவில்லை. ஆயினும் அந்த இரண்டு சொற்கள் என்னை விடவில்லை. குருமட நாள்களிலிருந்து அகராதி புரட்டும் பழக்கம் எனக்கு உண்டு. மறையுரைக்கு ஆயத்தம் செய்ய வேண்டிய நேரத்தையும் அது தின்றுவிடுவதுண்டு. அந்த இரவும் அப்படியே கழிந்தது.

ஆங்கிலம் பேசுவோர் ஒன்றை எளிது எனச் சொல்ல முற்படும்போது பெரும்பாலும் அடுக்களைக்குள்தான் நுழைகின்றனர். கேக்குத் துண்டு என்பர். ‘பை’ என்னும் பணியாரத்தைப் போல எளிது என்பர். அமெரிக்கர் வாத்து சூப் என்றும் சொல்லுவர். நம்மவர் மட்டும் என்ன? ‘அல்வா சாப்பிடுவது போல’ என்கிறோம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்கிறோம். கரும்பு தின்னக் கூலியா என்று கேட்கிறோம். அண்மைக் காலத்தில் ‘ஜுஜுபி’ என்னும் மிட்டாயும் திரைப்படத்தின் வழியே இந்தப் பந்தியில் வந்து அமர்ந்துவிட்டது. இனிப்பை நாள்தோறும் உண்ண வாய்க்காத மக்களே எளிமைக்கு இனிப்பை உவமையாக்கினர் போலும்.

ஆனால் ஆங்கிலக் கேக்குக்கு வேறொரு வரலாறும் உண்டு. ‘கேக்வாக்’ என்று ஒரு சொல். வருந்தாமல் பெறும் வெற்றியை அது குறிக்கும். தேர்தல் முடிவுகளிலும் விளையாட்டுச் செய்திகளிலும் தாராளமாகக் காணலாம். அது பிறந்த இடம் அமெரிக்கத் தென்மாநிலங்களின் பண்ணைகள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் அங்கே அடிமைகளாய் உழைத்தனர். பணி ஓய்ந்த வேளைகளில் அவர்கள் இணை இணையாக நடந்து ஒரு நடனம் ஆடினர். வெள்ளை எசமானர்களின் விருந்து நடனங்களைச் சற்றே மிகைப்படுத்தி எள்ளி நகையாடும் நடை அது என்பர் ஆய்வாளர். எள்ளப்படுவது தாங்களே என்பதை உணராத எசமானர்களோ மகிழ்ந்து பார்த்து, நன்கு நடந்த இணைக்கு ஒரு கேக்கைப் பரிசாக அளித்தனர். பின்னர் அந்நடனம் மேடை ஏறிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவுக்கும் சென்றது. பிரெஞ்சு இசைஞர் தெபுஸ்ஸி 1908இல் வெளிவந்த தம் பியானோத் தொகுப்பில் அதற்கு ஓர் இடம் தந்தார். நடனம் மறைந்தது, சொல் நின்றது. பருத்திக் காட்டில் பகலெல்லாம் குனிந்து நிமிர்ந்தவர்கள் ஆடிய ஆட்டத்தின் பெயர் இன்று ‘உழைப்பின்றி வந்த வெற்றி’ என்னும் பொருளில் வழங்குகின்றது. திங்கிறவனுக்கு லேசுதான் என்றது இதைத்தானோ!

அந்தப் பையனின் ஏட்டில் இருந்த தொடருக்கும் ஒரு கதை உண்டு. 1930களில் அமெரிக்கக் கவிஞர் ஆக்டன் நாஷ் அதனை எழுத்தில் கையாண்டார். அதனைப் பெரிதும் பரப்பியவர்கள் இரண்டாம் உலகப்போரில் பங்கேற்ற பிரிட்டிஷ் விமானப் படையினர். இரவில் பகை நாட்டின் மீது பறந்து குண்டு வீசித் திரும்பும் பணியை அவர்கள் ‘கேக்குத் துண்டு’ என்றனர். அப்படையின் குண்டுவீச்சுப் பிரிவில் மட்டும் 55,000க்கும் மேற்பட்டோர் அப்போரில் மாண்டனர். அவர்கள் வீசிய குண்டுகளால் மாண்டவர்களின் தொகை அதனினும் பன்மடங்கு. அதனை மறந்து அவர்களுடைய துணிவை மட்டும் பேசுதல் நமக்குத் தகாது. எனினும் இங்கே ஒன்று நோக்கத்தக்கது. திரும்பி வருவோமா என்று அறியாத இருபது வயது இளைஞன் தன் பணியை எளிது என்கிறான். அச்சத்தை அடக்க அவனுக்கு அச்சொல் தேவைப்பட்டது. அதே சொல்லை, கதகதப்பான அறையில் அமர்ந்து அவனை அனுப்பி வைப்பவர் சொல்லியிருந்தால் அதன் பொருள் என்னவாகியிருக்கும்? தன் சுமையை எளிது என்பவன் ஒருவன். பிறர் சுமையை எளிது என்பவன் வேறொருவன். இருவர் வாயிலும் சொல் ஒன்றுதான். அகராதியால் இவ்வேற்றுமையைக் காட்ட இயலாது.

‘ஈஸி’ என்னும் அடிப்படைச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். அது பழைய பிரெஞ்சு மொழியின் ‘ஏஸ்’ என்பதிலிருந்து வந்தது. அதற்கும் மூலம் ‘அருகில் கிடப்பது’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் என்பது பலர் கருத்து. கைக்கு எட்டியது எளிது. வடமொழியிலிருந்து நாம் பெற்ற ‘சுலபம்’ என்பதும் ஏறத்தாழ அதுவே. நன்கு பெறத்தக்கது எனப் பொருள்படும். ‘லேசு’ என்பது சிறு துகளைக் குறிக்கும் சொல்லின் வழிவந்தது. ‘இலகு’ என்பது கனமற்றது. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தார் இன்றும் ‘இலகு’ என்றுதான் மிகுதியாக எழுதுகின்றனர்.

நம் சொந்தச் சொல்லாகிய ‘எளிது’ இவை அனைத்தினும் ஆழமானது. எளிதான வேலை என்கிறோம். எளியவர் என்று ஏழையைக் குறிக்கிறோம். இரண்டும் ஒரே அடி. எவன் எவராலும் எளிதில் அணுகப்படுவானோ, எளிதில் ஏவப்படுவானோ, எளிதில் அடிக்கப்படுவானோ அவன் எளியவன். தமிழ்ச் சமூகம் தன்னை அறியாமலே உரைத்த வாக்குமூலம் என்று இதனைக் கொள்ளலாம். ஆயினும் அதே சொல்லை உயர்த்திப் பிடித்த மரபும் நம்மிடையே உண்டு. இறைவன் அடியவர்க்கு எளியவனாய் இறங்கி வருவதை ஆழ்வார்கள் வியந்து பாடினர். வைணவ உரைகாரர்கள் அதனைச் சௌலப்பியம் என்று ஒரு தெய்வக் குணமாகவே எண்ணினர். பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தில் பவுலடியார் கிறிஸ்துவின் வெறுமையாக்கத்தைப் பற்றிப் பேசும் பகுதியைப் படிக்குந்தோறும் இந்தத் தமிழ்ச் சொல் என் நெஞ்சில் நிழலாடுவதுண்டு.

இனி, நான் தலைப்பில் வைத்த தொடருக்கு வருகிறேன். ஒருவனுக்கு ஒரு தொழில் நன்கு கைவந்துவிட்டால், ‘அது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு’ என்கிறோம். பணத்தை வாரி இறைப்பவனைப் பற்றியும் அதே தொடரைச் சொல்லுகிறோம். தண்ணீர் எவ்வளவு தாராளமாகப் புழங்குமோ அவ்வளவு தாராளம் என்பது கருத்து. ஏரி குளங்களை நம்பி வாழும் வறண்ட புதுக்கோட்டைச் சீமையில், அதிலும் கிணறு தோண்டினால் உப்புக் கரிக்கும் கடற்கரையில், குடத்தோடு நிற்கும் பெண்களிடம் இத்தொடரைச் சொல்லிப் பார்க்க வேண்டும்!

தண்ணீரை விடுங்கள், ‘பாடு’ என்பதைப் பாருங்கள். பாடுபடுதல் உழைப்பு. படாத பாடு துன்பம். நெய்தல் நிலத்து மக்களிடம் சென்று ‘மீன்பாடு எப்படி?’ என்று கேட்டால், வலையில் விழுந்தது எவ்வளவு என்று பொருள். அவர்கள் பெற்ற பலனுக்கே பாடு என்று பெயர். தமிழ்க் கிறிஸ்தவராகிய நமக்கோ அச்சொல் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. ஆண்டவருடைய பாடுகள் என்றால் தவக்காலமும் பெரிய வெள்ளியும் கண்முன் வந்து நிற்கின்றன. உழைப்பு, துன்பம், பலன், மீட்பு எல்லாம் ஒரே சொல்லில். அச்சொல்லையே எளிமையைக் குறிக்கவும் வைத்துக்கொண்டோம். பல்லாண்டுப் பாடு பட்டவனுக்கே ஒரு தொழில் தண்ணீர் பட்ட பாடாகின்றது என்பதைத் தொடரே சொல்லாமல் சொல்லுகின்றது போலும்.

நற்செய்தி எழுதப்பட்ட கிரேக்க மொழியிலும் இதே விந்தையைக் கண்டபோது நான் நெடுநேரம் புத்தகத்தை மூடாதிருந்தேன். ‘கொப்போஸ்’ என்பது கிரேக்கத்தில் உழைப்பின் களைப்பு. அடித்தல், வெட்டுதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து வந்தது. நம் ‘பாடு’ என்பதற்கு இதைவிட நெருங்கிய உறவினர் இல்லை. பவுலடியார் கொரிந்தியருக்குத் தம் துன்பங்களை அடுக்கும்போது, கப்பல் சேதத்தில் மும்முறை அகப்பட்டதைச் சொல்லும் அதே பகுதியில், இச்சொல்லையும் ஆள்கின்றார். இதனோடு ‘நல்ல’ என்னும் முன்னொட்டைச் சேர்த்தால் ‘எளிது’ என்று பொருள். நல்ல பாடு! ஒப்புமை வடிவில், ‘எளிதானது’ என்னும் பொருளில், முதல் மூன்று நற்செய்திகளில் இச்சொல் ஏழு இடங்களில் வருகின்றது. முடக்குவாதமுற்றவனுக்கு எதைச் சொல்லுவது எளிது என்னும் கேள்வியில் மூன்று முறை. ஒட்டகமும் ஊசிக்காதும் பற்றிய கூற்றில் மூன்று முறை. விண்ணும் மண்ணும் ஒழிவதைச் சொல்லுமிடத்தில் ஒருமுறை. ஓர் இடத்திலாவது உண்மையில் எளிதான ஒன்றை ஆண்டவர் சுட்டவில்லை. ஊசிக்காதில் ஒட்டகம் நுழைவது எளிதா? பாவம் போக்குவது எளிதா? உலகம் எளிது எனக் கருதுவதற்கு எதிரிலேயே அவர் இச்சொல்லை நிறுத்துகின்றார்.

லூக்கா நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தை விரித்துப் பாருங்கள். இரவு முழுதும் உழைத்தும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று சீமோன் சொல்லுமிடத்தில் வரும் வினை ‘கொப்போஸ்’ என்பதன் வினை வடிவம். அதே அதிகாரத்தில், சில வசனங்கள் கழித்து, கட்டிலோடு இறக்கப்பட்டவன் முன்னே எது எளிது என்னும் கேள்வி. மீனவனின் பாடும் எளிதும் ஒரே வேரில், ஒரே அதிகாரத்தில். மத்தேயுவில் உழைத்துச் சோர்ந்தோரை ஆண்டவர் தம்மிடம் அழைக்கும்போதும் அதே வினைதான். அவ்வழைப்பின் முடிவில் வரும் நுகத்தை 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம் ‘ஈஸி’ என்றது. இலத்தீன் ‘சுவாவே’, அதாவது இனியது, என்றது. பழைய சீர்திருத்த சபைத் தமிழ் மொழிபெயர்ப்பு ‘மெது’ என்றது. 1995இல் வெளிவந்த நம் பொது மொழிபெயர்ப்போ, நுகம் அழுத்தாது என்ற அளவில் நின்றுகொண்டு, எளிமையைச் சுமைக்கு மட்டும் உரியதாக்கிற்று. மூலத்தில் உள்ள சொல் லூக்காவின் அதே ஐந்தாம் அதிகார இறுதியில் பழைய திராட்சை இரசத்துக்கு வரும் சொல்: நன்கு பதப்பட்டது, இதமானது. தோளில் பழகிய நுகம் என்பது என் விளக்கம். அதை இதமானது என்றவர் அந்நுகத்தைத் தாமே சுமந்தவர். பிறர் தோளில் பளுவை ஏற்றிவிட்டு விரலாலும் தொடாதவர்களை அவர் எவ்வாறு கடிந்தார் என்பதை அதே நற்செய்தியின் 23ஆம் அதிகாரத்தில் காணலாம்.

எளிமைக்குப் பின்னே உழைப்பு நிற்பதற்கு நம் கடற்கரைத் திருச்சபையே சான்று. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் செபங்களைத் தமிழாக்கச் செய்து மனப்பாடமாகவே ஓதினார். அவருக்குப் பின் வந்த என்றிக்கே என்றிக்கசு அடிகளார் அவ்வாறு நிறைவடையவில்லை. 1600இல் இறக்கும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு அக்கரையிலே வாழ்ந்து, மீனவர் பேசிய தமிழைக் கற்று, இலக்கணமும் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்கள். பரதவர் வீட்டுக் குழந்தையும் சொல்லத்தக்க எளிய தமிழ். அந்தப் பதினாறு பக்கத்துக்குப் பின்னே எத்தனை ஆண்டுகள்!

கடலைப் பற்றிய ஓர் ஆங்கிலத் தொடரைச் சொல்லாமல் விட்டேன். இடையூறின்றி நடப்பதை ‘ப்ளெயின் செய்லிங்’ என்பர். பழைய மாலுமிகளின் கணக்கு முறையிலிருந்து வந்த தொடர் அது. பூமி உருண்டை, ஆயினும் சிறிய பரப்பைத் தட்டையான தளமாக எண்ணிக்கொண்டால் கணக்கு எளிதாகும். குறுகிய தொலைவுக்கு அது பொருந்தும். நெடுந்தொலைவுக்கு அதனையே நம்பினால் கப்பல் இடம் தவறும். பின்னாளில் எழுத்து மாறி, தளக் கணக்கு என்பது தெளிவான, எளிய பயணம் என்றாயிற்று.

பாக் நீரிணையில் இந்தியாவும் இலங்கையும் 1974 ஜூன் மாதம் ஓர் எல்லைக்கோட்டை ஒப்புக்கொண்டன. உடன்படிக்கையை எழுதியவர்கள் பூமியின் வளைவை மறக்கவில்லை; ஆறு புள்ளிகளைக் குறித்து, அவற்றை வளைவுக் கோடுகளால் இணைத்தனர். கணக்கில் பிழையில்லை. கரையில் இருந்து பேசுகின்ற நம்முடைய கணக்குத்தான் தட்டையானது.

நானே ஒருமுறை அத்தகைய தட்டைக் கணக்கைப் போட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கின்றது. கணவன் கடலில் கைதாகி அக்கரைச் சிறையில் இருந்த நாளில் ஒரு பெண் என்னிடம் வந்து அழுதாள். ஆறுதல் சொல்லும் எண்ணத்தோடு, “கோட்டைத் தாண்டாமல் இருந்தால் இந்தத் தொல்லை இல்லையே, அம்மா” என்றேன். அவள் அழுகையை நிறுத்தினாள். “நீங்க சொல்றது லேசு சாமி” என்றாள். சினமில்லை அக்குரலில். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து சென்றுவிட்டாள்.

தாண்டுகிறவர் அனைவரும் காற்றாலும் நீரோட்டத்தாலும் இழுத்துச் செல்லப்பட்டவர் என்று வாதாட நான் வரவில்லை. பலர் அறிந்தே செல்லுகின்றனர். ஆழம் குறைந்த இக்கடலில் இழுவை மடிகள் பல பத்தாண்டுகளாகத் தரையை வாரியதால் நம் பக்கத்தில் மீன்பாடு குறைந்தது. டீசலும் ஐசும் கடனில் ஏற்றப்படுகின்றன. வெறுங்கையோடு திரும்பினால் கடன் ஏறும். விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், எஞ்சிய நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு என்ற ஏற்பாட்டில், அந்த ஓர் இரவில் பாடு கிடைத்தாக வேண்டும். அக்கரையிலோ, 1983 முதல் 2009 வரை போரினால் கடல் மறுக்கப்பட்ட வட இலங்கைத் தமிழ் மீனவர் சிறு வலைகளோடு மீண்டும் கடலுக்கு இறங்கினர். நம் மடிகள் அவர்களுடைய வலைகளை அறுத்தன. இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடுத்தது. ‘அவர்களை விரட்டினால் போதும்’ என்பது அங்கே எளிய சொல். ‘கச்சத்தீவை மீட்டால் போதும்’ என்பது இங்கே எளிய சொல். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் இரு கரையாரும் ஒரே திருப்பலியில் அருகருகே மண்டியிடுகின்றனர். அவர்களுள் ஒருவரும் இதனை இலகு என்றோ லேசு என்றோ சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த மாலையில் பையன் ஏட்டில் ‘மிக எளிது’ என்று திருத்தி எழுதினான். மதிப்பெண் கிடைத்திருக்கும். நான் விடைபெறும்போது, “நாளைக்குக் கடல் எப்படியிருக்கும்?” என்று அவன் தந்தையிடம் கேட்டேன். அவர் கிழக்கே ஒருமுறை பார்த்தார்.

“காத்து அடங்கிப்போச்சு சாமி. லேசாத்தான் இருக்கும்” என்றார், பின்னிய வலையைச் சுருட்டியபடி.